பதினாலரைச் சுற்று

கல்மாக் கணவாயில் ஐந்தாவது வளைவு.
ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன்.
வலச் சக்கரம் திரும்பியது.
இடச் சக்கரம் எனக்கென்ன என்று
மலையைப் பார்த்து நின்றது, மாறுகண் வைத்தாற்போல.

ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது வண்டி.
தகரக் கூரைபோல அலையடிக்கும் சாலையில் ஒரு டொக்.
பிரேக்கில் கால் வைத்தால் ஒரு டொக்.
பிடித்த கைக்குள் நடுக்கம்,
காய்ச்சலின் முதல் மணிநேரம் மாதிரி.
ஆட்டு வயிற்றில் காது வைத்துக் கேட்டுப்
பிழைப்பவள் நான்.
என் நிவாவுக்கு மட்டும்
அடுத்த வாரம், அடுத்த வாரம்.

புழுதியில் மல்லாந்து பார்த்தேன்.
டை ராடு முனையின் ரப்பர் கிழிந்து,
கிரீஸ் இருந்த இடத்தில் மணல்.
கிண்ணத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய பந்து
வெளியே நின்றது.

மாற்று முனை டிக்கியில் இருக்கிறது,
மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தித்தாளில்.
தடுப்பூசிப் பெட்டியின் ஐஸ்
இன்னும் நான்கு மணிநேரம் தாங்கும்.
சோங்கோல் ஏரிக்கரையில் கூடாரங்கள் காத்திருக்கின்றன.

பின்னால் லாரி ஹாரன்.
இறங்கியவர் ஷெய்ஷென்.

போன அக்டோபரில்
அவருடைய பெட்டைக் குதிரையின் ரத்தச் சோதனைத் தாளில்
கையெழுத்துப் போட்டது நான்.
ஒன்பது வயது. கருஞ்சிவப்பு. நெற்றியில் வெள்ளை.
கொல்லப்பட வேண்டும் என்பதற்கு
அந்தத் தாளில் வேறு சொல் அச்சிடவில்லை.
எட்டு மாதமாக, நான் கடைக்குள் நுழைந்தால்
அவர் வெளியே இறங்கிவிடுவார்.

இங்கே இறங்கிப்போக இடமில்லை.
ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று,
நடுவே என் நிவா.
லாரியிலிருந்து அறுபது ஆடுகள்
அவர் சார்பில் கத்தின.

நட்டு வந்துவிட்டது. தண்டு வரவில்லை.
கூம்பு, இரும்புக் கண்ணுக்குள் இறுகிக் கிடந்தது.
நான் ஒற்றைச் சுத்தியலால் அடிப்பதை
சற்று நேரம் பார்த்தார்.
தன் சுத்தியலோடு வந்து எதிரே குந்தினார்.

இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அடிவிழ வேண்டும்.
ஒன்று முந்தினால் வீண்.
சேர்ந்து அடிக்க, எண்ண வேண்டும்.
எண்ண, வாய் திறக்க வேண்டும்.

பேசாமலே முயன்றோம்.
டங். டங்.
டங்... டங்.
ஆடுகளுக்கே அலுத்துவிட்டது.

பிறகு, தரையைப் பார்த்தபடி,

"பிர்.
எக்கி.
ஊச்."

ஒரே டங்.
பால்பல் விழுவதுபோல விழுந்தது தண்டு.

பழைய முனையைச் சுழற்றிக் கழற்றும்போது
ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன்.
எத்தனையில் வந்ததோ அத்தனையில் புதியது ஏற வேண்டும்,
இல்லாவிட்டால் டயர் தின்றுவிடும்.
பதினொன்று, பன்னிரண்டு,
ஒரு காற்று வந்து தொப்பியைத் தூக்க,
நான் தடுமாற,
"பதிமூன்று" என்றார் ஷெய்ஷென்.
பதினாலரையில் கையோடு வந்தது.

நட்டைப் பூட்டும் பின் துருவில் ஒடிந்திருந்தது.
கோட்டுப் பையைத் துழாவி
ஒரு லாட ஆணியை எடுத்தார்.
துளையில் செருகி முனையை மடக்கினார்.
எந்தக் குதிரையின் ஆணி என்று
நான் கேட்கவில்லை. எட்டு மாதம் அதற்குப் போதாது.

"மெதுவாகப் போ" என்றார்.
வண்டியிடம் சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம்.

அன்று முழுக்க
ஸ்டீயரிங்கை ஒரு விரல் கோணலாகப் பிடித்தால்தான்
வண்டி நேராகப் போனது.
நாநூற்றுப் பன்னிரண்டு ஆடுகளுக்கு ஊசி போட்டேன்.
அவருடைய அறுபதையும் சேர்த்து.
ஒவ்வொன்றாக அவரே பிடித்துக்கொடுத்தார், பேச்சில்லை.

கோச்கோரில் மெதெர் சக்கரங்களுக்கு நூல் பிடித்தான்.
மூன்று மில்லிமீட்டர்தான் என்று சரிசெய்தான்.
இதென்ன கூத்து என்று ஆணியைப் பிடுங்கி
ஒழுங்கான பின் போட்டான்.
போடட்டும். மலை இறங்குகிற வண்டி.

குப்பை டப்பாவிலிருந்து ஆணியை எடுத்து
முன்கண்ணாடியடியில் வைத்தேன்.
வளைவுகளில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உருள்கிறது.
டொக் இல்லை. வேறு சத்தம்.